ஐந்தாவதாக வரும் ஓட்டக்காரர்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளின் தொலைதூர ஓட்டப் பயிற்சியாளர்களுள் தலைசிறந்தவர் யார் என்ற விவாதம் பெரும்பாலும் கோப்பைகளை எண்ணுவதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் என்றால், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டானலுக்கு அருகில்கூட எவரும் வர இயலாது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்து, 1972 முதல் 2008 வரை ஆர்கன்சாவில் பயிற்சியளித்த அவர், 40 தேசியக் குழுப் பட்டங்களை வென்றார். விதிமீறல் ஒன்றின் காரணமாகப் பின்னர் நீக்கப்பட்ட இரண்டு பட்டங்களைக் கழித்த பிறகும் எஞ்சும் கணக்கு இது.

ஆயினும் அந்த நாற்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் 19 உள்ளரங்குத் தடகளத்திலும் 10 திறந்தவெளித் தடகளத்திலும் பெற்றவை. அவற்றில் நீளம் தாண்டியவர்களும் மும்முறை தாண்டியவர்களும் குறுந்தூரம் ஓடியவர்களும் சேர்த்துத் தந்த புள்ளிகளும் அடங்கும். தொலைதூர ஓட்டத்திற்கே உரிய, புல்வெளிகளிலும் மேடுபள்ளங்களிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரிப் போட்டியின் பட்டங்கள் 11 மட்டுமே. அதுவும் மாபெரும் சாதனைதான். ஆனால், நம் கேள்வி தொலைதூர ஓட்டத்தைப் பற்றியதாக இருக்கும்போது, அந்தப் பதினொன்றிலிருந்து பேச்சைத் தொடங்குவதே நியாயம்.

கிராஸ் கன்ட்ரியில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுகிறார்கள். முதலில் வரும் ஐவரின் இடங்களைக் கூட்டினால் வருவதே அணியின் புள்ளி. குறைந்த புள்ளி பெற்ற அணி வெல்லும். ஓர் அணியில் நாட்டிலேயே மிகச் சிறந்த வீரர் இருந்து முதலாவதாக வந்தாலும், ஐந்தாமவர் நூற்றைம்பதாவது இடத்தில் வந்தால் பட்டம் கைநழுவிப் போகும். முதலாம் ஓட்டக்காரரை நல்ல உதவித்தொகையும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அழைத்து வந்துவிடலாம். ஐந்தாமவரை அணிக்குள்தான் உருவாக்க வேண்டும். ஆகவே, ஒரு பயிற்சியாளரின் தரத்தை அறிய அவருடைய ஐந்தாவது ஓட்டக்காரரைப் பாருங்கள் என்று நான் சொல்வேன்.

இந்த அளவுகோலிலும் மெக்டானல் குறைந்துபோவதில்லை. உதவித்தொகை ஏதுமின்றி அவர் அணியில் வந்து சேர்ந்த டேனியல் லிங்கன், 2001, 2002, 2003 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்று, 2006இல் அந்தப் போட்டியில் அமெரிக்கச் சாதனையையும் படைத்தார். நாற்பது பட்டங்களைவிட இந்த ஒரு மாணவரின் வளர்ச்சியே மெக்டானலின் பெருமையை எனக்கு உணர்த்துகிறது.

அண்மைக் காலத்திற்கு வந்தால், வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக் ஸ்மித்தை எவரும் தவிர்க்க இயலாது. 2017, 2018, 2020, 2021, 2022 ஆகிய பருவங்களின் ஆண்கள் பட்டங்கள் அவருடைய காலத்தில் வந்தவை. அந்தப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இருப்பதால், வெற்றிக்குக் காரணம் மலைக்காற்றுதான் என்று சிலர் சொல்கிறார்கள். உயரத்தில் வாழ்வதும் பயிற்சி செய்வதும் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குகின்றன என்பது உண்மையே. எனினும் அந்த மலை என்றும் அங்கேயேதான் இருந்தது. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டமோ 2016இல், ஸ்மித்துக்கு முன்பிருந்த எரிக் ஹைன்ஸின் காலத்தில்தான் வந்தது. மேலும், 2022இல் எதிரணியான ஓக்லஹோமா ஸ்டேட்டின் சொந்தத் திடலில், இரு அணிகளும் 83 புள்ளிகளுடன் சமநிலையில் முடித்தன. அந்நிலையில் இரு அணிகளின் ஐவரையும் வரிசைப்படி ஒருவரோடொருவர் ஒப்பிட்டே வெற்றி முடிவானது. அத்தகைய தருணத்தில் துணைநிற்பது மலைக்காற்று அன்று; நான்காமவரையும் ஐந்தாமவரையும் முதலாமவருக்கு நிகரான கவனத்துடன் வளர்த்த உழைப்பே.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் வெட்மோரைப் பற்றிப் பேசும்போது என் மனம் இரு பக்கமும் இழுபடுகிறது. ஆண்கள், பெண்கள் என இரு அணிகளுக்கும் சேர்த்து எட்டு கிராஸ் கன்ட்ரிப் பட்டங்கள் அவருடையவை. பட்டப்படிப்பு முடிந்த பின்னரும் அவரிடம் பயிற்சி பெற்ற ஜென்னி சிம்ப்சனும் எம்மா கோபர்னும் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆளுக்கொரு வெண்கலம் வென்றார்கள். அதே அணியில், வீராங்கனைகளின் உடற்கொழுப்பை அளந்த முறை பற்றிப் புகார்கள் எழ, பல்கலைக்கழகமே விசாரணை நடத்தியது. 2024இல் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வளரும் வயதில் உள்ள ஓர் இளம்பெண் போதிய உணவின்றி ஓடினால் மாதவிடாய் தடைபடும், எலும்பு வலுவிழக்கும், முறிவுகள் நேரும். ஒரு பருவத்தின் வேகத்திற்காகப் பத்தாண்டு ஆரோக்கியத்தை ஈடாகக் கேட்கும் எந்தப் பயிற்சி முறையையும், அது எத்தனை பதக்கங்களைத் தந்திருந்தாலும், சிறந்தது என்று ஏற்க நான் உடன்பட மாட்டேன்.

பெண்கள் அணிகளைப் பயிற்றுவிக்கும் பெண்கள் இந்த விவாதத்தில் போதிய இடம் பெறுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். வட கரோலினா ஸ்டேட்டின் லாரி ஹெனிஸ், தாம் மாணவியாக ஓடிய அதே பல்கலைக்கழகத்திற்கு 2021, 2022, 2023 என மூன்று பட்டங்களைத் தொடர்ந்து பெற்றுத் தந்தார். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் தில்ஜீத் டெய்லர், பெருந்தொற்றால் 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போன 2020 பருவத்தின் போட்டியிலும், பின்னர் 2024இலும் வென்றார்.

இனி, என் தேர்வைச் சொல்கிறேன். கொலராடோவின் அலமோசா என்னும் சிற்றூரில் உள்ள ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியின் ஜோ விஜில்தான் என் பட்டியலில் முதல்வர். முதல்நிலைப் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள் வளம் கொழிக்கப் போட்டியிட, அவர் சிறிய கல்லூரிகளின் பிரிவுகளில் 19 தேசியப் பட்டங்களை வென்றார். பள்ளிக் காலத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் எவையும் போட்டிபோட்டு அழைக்காத பாட் போர்ட்டர், அவரிடம் பயின்று 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு முறை அமெரிக்க கிராஸ் கன்ட்ரி வாகையரானார். 1992இல் இரண்டாம் பிரிவின் தேசியப் போட்டியில் விஜிலின் ஆண்கள் அணி முதல் ஐந்து இடங்களையும் பிடித்து, அதைவிடக் குறைவாக எவரும் எடுக்க முடியாத 15 புள்ளிகளுடன் முடித்தது. அன்று அவருடைய ஐந்தாவது ஓட்டக்காரர் அந்தப் பிரிவில் நாட்டிலேயே ஐந்தாமவர்.

அது இரண்டாம் பிரிவுதானே, எதிர்த்து ஓடியவர்கள் வலிமை குறைந்தவர்கள்தானே என்று சிலர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், எதிரணிகளைப் போலவே விஜிலின் கையிலும் பெரிய வளங்கள் இருக்கவில்லை. டீனா காஸ்டர் அவருடைய பயிற்சியில் 2004 ஏதென்ஸ் மாரத்தானில் வென்ற வெண்கலத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. காஸ்டர் கல்லூரியில் ஓடியது ஆர்கன்சாவுக்காக என்பதால், அதைக் கல்லூரிப் பயிற்சியின் விளைவு என்று கூறுவது முறையாகாது. அது இல்லாமலும் விஜில் முதலிடத்திலேயே நிற்கிறார். அவருக்கு அடுத்து மெக்டானலையும், மூன்றாவதாக ஸ்மித்தையும் வைக்கிறேன்.

இந்த வரிசை இனிமேல் மாறக்கூடும். நீதிமன்றத்தில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 2025-26 கல்வியாண்டு முதல், அதில் இணைந்த கல்லூரிகளில் உதவித்தொகைக்கான பழைய உச்சவரம்பு நீங்கி, அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. அவற்றின் கிராஸ் கன்ட்ரி அணியில் பொதுவாக 17 பேருக்கு மேல் இருக்க இயலாது. லிங்கனைப் போல அழைப்பின்றி வந்து நிற்கும் ஒரு மாணவருக்கு இனி வாசல் குறுகும். அந்தப் பதினேழு இடங்களுள் ஒன்றையாவது அத்தகையவருக்கென ஒதுக்கும் பயிற்சியாளர் யார் என்பதையே வரும் பருவங்களில் நான் கூர்ந்து கவனிக்கப் போகிறேன். நன்றி, வணக்கம்.