தை அமாவாசைக்கு பொரேகோ ஸ்பிரிங்ஸ்

வணக்கம் மக்களே. கார் ஷெட்டில் நின்று பேசுகிறேன், எதிரொலி கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, வாடகை ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கிற வண்டியில், பொரேகோ ஸ்பிரிங்ஸ் போகிறோம். தெற்கு கலிபோர்னியாவில், மலை முடிந்து பாலைவனம் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிற ஊர். ஊரில் ஒரு டிராஃபிக் சிக்னல்கூடக் கிடையாது. வானம் இருட்டாக இருக்க வேண்டும் என்று தெருவிளக்கில்கூடக் கணக்குப் பார்க்கிறவர்கள். 2009-லேயே சர்வதேச இருண்ட வான ஊர் என்ற அங்கீகாரம் வாங்கிவிட்டார்கள். அதனால்தான் போகிற தேதியை நான் குறிக்கவில்லை, அம்மாவின் தினசரி காலண்டர் குறித்தது. தை அமாவாசை. குளிரும் அளவாக இருக்கும், நிலாவும் தொந்தரவு செய்யாது.

நான் இர்வைனில் இருக்கிறேன். மேப் காட்டுகிற குறுக்கு வழி டெமெகுலா, வார்னர் ஸ்பிரிங்ஸ் போய், மாண்டெசூமா இறக்கத்தில் இறங்குவது. பத்து மைல் சொச்சத்தில் 3,000 அடிக்கு மேல் இறக்கம். போன வருடம் சின்ன காரில் போனபோதே, கீழே வந்து கதவைத் திறந்தால் பிரேக் கருகிய வாடை. கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தது என் தப்பு. 25 அடி வண்டியில், பின்னால் தண்ணீர் தொட்டி தளும்ப, அந்த விளையாட்டு வேண்டாம். இண்டியோ போய், சால்டன் சிட்டியில் திரும்பி, கிழக்கிலிருந்து எஸ்-22 சாலையில் நுழைகிறேன். சுற்றுதான், ஆனால் பெரிய இறக்கம் இல்லை.

முகாம் பொரேகோ பாம் கேன்யனில். முன்பதிவு ஆறு மாதம் முன்னாலேயே திறக்கும். நான் விழித்தபோது கரண்ட், தண்ணீர் இணைப்புள்ள இடமெல்லாம் போய்விட்டது, சாதா இடம்தான் கிடைத்தது. அப்பா கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, காலையில தர்ப்பணத்துக்குத் தண்ணி இருக்கும்ல?" இருக்கும்ப்பா. தொட்டி 40 கேலன். உண்மையில் நல்ல தண்ணீர் தீர்வதற்கு முன்னால் கழுவிய தண்ணீர் தொட்டிதான் நிரம்பிவிடும். அதனால் பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவுவது, குளியலுக்கு முகாமின் பொதுக் குளியலறை.

அப்புறம் ஜெனரேட்டர். காலை 10 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். அதாவது காலை இட்லிக்குச் சட்னியை முந்தின நாள் சாயங்காலமே அரைத்துவிட வேண்டும். அம்மா இதைக் கேட்டதும் மிக்ஸியை வீட்டில் வைத்துவிட்டு இட்லிப் பொடிக்கு மாறிவிட்டார்கள்.

பார்க்க வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரிக்கார்டோ பிரெசேடா செய்த இரும்புப் பாம்பு, 350 அடி. சாலைக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால், நடுவில் நாம் வண்டியில் போகலாம். அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை, அங்கே போய்ப் பார்க்கட்டும்.

ஒரு சந்தேகம். ஆர்.வி. அடுப்புக்கு நேர் மேலே மைக்ரோவேவ் தொங்குகிறது. இட்லிப் பானை மூடி அதில் இடிக்காமல் யாராவது சமாளித்திருக்கிறீர்களா? சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.