டாட்டூ பிடிக்கலைன்னா நான் பத்தாம்பசலியா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி. பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார். அப்படியே படிக்கிறேன். "அக்கா, எனக்கு நிச்சயம் ஆகியிருக்கு. பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் டாட்டூ. அந்தக் கையைப் பார்த்தா மட்டும் மனசு கொஞ்சம் விலகுது. கல்யாணத்துக்கு அப்புறம் லேசர்ல எடுத்துடலாம்னு அம்மா சொல்றாங்க. நான் பத்தாம்பசலியா?"

தம்பி, உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் டாட்டூ ஆகாது. லட்சணமா ஒரு ஆளு போனா நானும் திரும்பிப் பார்த்தவதான். ஆனா கழுத்துல ஒரு தேளைக் குத்தி வச்சிருந்தான்னா அதோட சரி. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்க ஆச்சி கையில இருந்ததும் தேள்தான்! புள்ளிக் கோலம், பக்கத்துல தேள். அவங்க மடியில படுத்துக்கிட்டு அந்தக் கொடுக்கைத் தடவிக்கிட்டேதான் தூங்குவேன். தோலைக் கிள்ளி இழுத்தா தேள் நகரும். ஊருக்கு வந்த குறத்தி, விளக்குக் கரியைக் குழைச்சு ஊசியால குத்தினதாம். கரி கறுப்பாச்சே, பச்சைன்னு ஏன் சொல்றோம்? தோலுக்கு அடியில போன கறுப்பு வெளிய நீலமும் பச்சையுமாத்தான் தெரியும். "செத்தா எல்லா நகையையும் உருவிடுவாங்கட்டி, இது ஒண்ணுதான் கூட வரும்"னு ஆச்சி சொல்லும். அப்படியேதான் ஆச்சு. தோடு, மூக்குத்தி எல்லாம் கழட்டினாங்க. தேள் மட்டும் கூடப் போச்சு.

அப்போ எனக்குப் பிடிக்காதது மையும் இல்ல, தேளும் இல்ல. நம்ம சினிமாவுல ரொம்ப நாளா கழுத்துல டாட்டூன்னா அடியாள்தானே, அது கண்ணுல ஒட்டிக்கிச்சு போல. உங்க கண்ணுல எது ஒட்டியிருக்குன்னு நீங்கதான் பார்க்கணும். அதுக்காகப் பத்தாம்பசலின்னெல்லாம் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்குத் தாடி பிடிக்கும், ஒருத்தருக்குப் பிடிக்காது. இதுல நியாயம் பேச ஒண்ணுமில்ல.

எனக்குக் கோபம் அந்த லேசர் பேச்சு மேலதான். அம்மா சிலேட்டுன்னு நினைச்சுட்டாங்க. ஊசி அந்த மையை மேல்தோலுக்குக் கீழ் அடுக்குல கொண்டு வைக்குது. யாரோ வெளியாள் வந்துட்டான்னு நோய் எதிர்ப்பு செல்கள் ஓடி வந்து முழுங்குது. செரிக்க முடியாம அப்படியே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அது செத்தா, மையை அடுத்து வர்ற செல் எடுத்து முழுங்கும். 2018ல பிரான்ஸ்ல எலிகளை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. விரட்ட வந்தவனே காவலுக்கு நிக்கிற கதை! லேசர் அந்த மையைப் பொடியா உடைச்சு விடும், உடம்புதான் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டுப் போகணும். வாரக்கணக்குல இடைவெளி விட்டுப் பல தடவை போகணும். வலிக்கும். கறுப்பு ஓரளவு போயிடும், பச்சையும் மஞ்சளும் மல்லுக்கு நிக்கும். நம்ம மாநிறத் தோல்ல வெளுத்த தடமோ கருத்த திட்டோ தங்கிடவும் வாய்ப்பிருக்கு. இவ்வளவையும் அந்தப் பொண்ணு எதுக்குப் பொறுத்துக்கணும்? அதுவும் அவளைக் கேட்காமலே அம்மாவும் பிள்ளையும் பேசி முடிச்சுட்டீங்க!

இன்னொண்ணு. இவ்வளவு எழுதின நீங்க, கையில என்ன வரைஞ்சிருக்குன்னு எழுதவே இல்லையே. பூவா, கொடியா, எழுத்தா? ஒழுங்கா ஒரு தடவையாவது பார்த்தீங்களா? அடுத்த தடவை சந்திக்கும்போது கையைக் காட்டச் சொல்லுங்க. எப்போ போட்டது, எதுக்குப் போட்டதுன்னு கேளுங்க. பேசின பிறகும் மனசு விலகுச்சுன்னா, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவகிட்டயே சொல்லிடுங்க. அவளுக்கும் உங்ககிட்ட எதாவது பிடிக்காம இருக்கும், அதையும் கேட்டுக்கிட்டு வாங்க.

சரி, அடுத்து மதுரையில இருந்து ஒருத்தர் நரைமுடிக்கு டை அடிக்கலாமான்னு கேட்டிருக்கார்...