நெத்தி லைட்டு வாங்கப் போறீங்களா, முதல்ல பேட்டரியப் பாருங்க

வணக்கம்ங்க. ரேடியோவுல வந்து பேசுங்கன்னு கூப்பிட்டப்ப என்னத்தப் பேசன்னு கேட்டேன், உங்களுக்குத் தெரிஞ்சதப் பேசுங்கன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம், ஒண்ணு செத்துப்போன லைட்டு, இன்னொண்ணு செத்துப்போன பேட்டரி. நிலக்கோட்டைப் பக்கம் சின்னதா ரிப்பேர் கடை வச்சிருக்கேன், மிக்ஸி வரும், அயர்ன் பாக்ஸ் வரும், ஆனா பங்குனி சித்திரை வந்துட்டா கடை பூரா நெத்தி லைட்டுதான், மேஜையில இடம் இல்லாம தரையில வரிசையா கிடக்கும்.

டவுன்ல இருந்து கேக்குறவங்களுக்காக ஒரு வார்த்த சொல்லிடுறேன். நீங்க காலையில தலையில வைக்கிற மல்லி இருக்கு பாருங்க, அது ராத்திரி 2 மணி 3 மணிக்கு எந்திரிச்சுப் போயி பறிச்ச மொட்டு. விரிஞ்சுட்டா விலை போகாது, மொட்டாவே மார்க்கெட்டு போயி சேரணும், அதுவும் மத்தவங்களுக்கு முன்னாடி சேரணும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, எல்லாரும் பெருமையா பேசுனோம், சரிதான், ஆனா அந்தப் பூவ இருட்டுக்குள்ள குனிஞ்சு நின்னு பறிக்கிற பொம்பளைங்க நெத்தியில என்ன கட்டியிருக்காங்கன்னு யாரும் பேசல, அதத்தான் நான் பேச வந்திருக்கேன்.

எங்கம்மா காலத்துல டார்ச்ச வாயில கவ்விக்கிட்டுப் பறிப்பாங்க. நிஜமாத்தான் சொல்றேன், எச்சி ஒழுகும், பல்லு வலிக்கும். கையில புடிச்சா ஒரு கைதான மிச்சம், கூலி கிலோ கணக்கு, ஒத்தக் கையில பறிச்சா பாதிக் கூலிதான். அதனால நெத்தி லைட்டு வந்தது பெரிய விஷயம். ஆனா வாங்குறவங்க எல்லாரும் கடையில போயி கேக்குற ஒரே கேள்வி, "அண்ணே இது எவ்ளோ தூரம் அடிக்கும்?" எதுக்குக்கா தூரம்? செடி உங்க மூஞ்சியில இருந்து ஒன்ற அடியில இருக்கு. கிணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தென்னமரத்த வெளிச்சம் போட்டுப் பாத்து என்ன பண்ணப் போறீங்க.

கேக்க வேண்டிய கேள்வி, எனக்கு எத்தன மணி நேரம் வேணும், அத எந்த பேட்டரி குடுக்கும்ங்கிறது. லைட்டுல எரியிற எல்இடி சீக்கிரத்துல போறதே இல்ல, என் கடைக்கு வர்ற லைட்டுல முக்காவாசி பேட்டரி செத்து வர்றதுதான், மிச்சம் சுவிட்சும் வயரும்.

நம்ம ஊர்ல அதிகமா விக்கிறது ஆசிட் பேட்டரி லைட்டு. 4 வோல்ட்டு, உள்ள சின்ன ஈயத் தகடு, பைக் பேட்டரிக்குத் தம்பின்னு வச்சுக்கங்க. விலை கம்மி, அதுதான் அதோட நல்ல குணம், வேற நல்ல குணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆம்பியர் ஹவர்ங்கிறது பேட்டரி எவ்ளோ கரண்ட்டு புடிச்சு வைக்கும்ங்கிற அளவு, ஒரு ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா நூறு கிராமுக்கு மேல கனக்கும், 4 வோல்ட்ட ஒண்ணால பெருக்குனா 4 வாட் ஹவர், அதாவது ஒரு வாட்டு லைட்ட நாலு மணி நேரம் எரிக்கிற சரக்கு, அதுவும் பேப்பர்ல. எடை கழுத்த இழுக்கும்னு சிலதுல பேட்டரிய தனி டப்பாவா இடுப்புல கட்ட வச்சிருப்பாங்க, அப்ப வயரு மல்லிச் செடியில மாட்டி மாட்டி அந்து போகும்.

இந்த ஆசிட் பேட்டரி எப்பிடி சாகுதுன்னு சொல்றேன், இது முக்கியம். கார்த்திகை மார்கழியில பனி விழுந்தா பூ கொறஞ்சுரும், பறிக்கப் போறவங்களும் கொறஞ்சுருவாங்க, லைட்ட சார்ஜ் காலியான நிலையிலயே பரண் மேல போட்டுருவீங்க. ஈய பேட்டரி காலியா கிடந்தா தகடு மேல சல்ஃபேட்டு கெட்டியா படிஞ்சுக்கும், மூணு மாசம் கழிச்சு எடுத்து சொருகுனா பச்சை லைட்டு எரியும், சார்ஜும் ஆன மாதிரியே இருக்கும், தோட்டத்துக்குப் போயி பத்து நிமிஷத்துல மங்கிரும். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லுவீங்க, பாவம் அவன் மேல தப்பில்ல. ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்து வைங்க, மாசம் ஒருக்கா எடுத்து மறுபடி சார்ஜ் போடுங்க, அவ்ளோதான், ரெண்டு சீசனாவது வரும்.

இன்னொண்ணு, பயமுறுத்தணும்னு சொல்லல. லைட்டுலயே பிளக் முள்ளு நீட்டிக்கிட்டு நேரா சுவத்துல சொருகுற மாடல் இருக்குல்ல, அதுல பலதுல டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, ஒரு கெப்பாசிட்டர வச்சு 230 வோல்ட்ட அப்பிடியே கொறைச்சுக் குடுக்குறான், அதாவது உள்ள இருக்கிற கம்பி ஒவ்வொண்ணும் மெயின் கரண்ட்டோட தொடுப்புலதான் இருக்கு. சார்ஜ்ல இருக்கும்போது அத ஆன் பண்ணிப் பாக்குறது, ஈரக் கையோட தொடுறது, மூடி ஒடஞ்சத டேப் போட்டு ஒட்டி சொருகுறது எல்லாம் வேணாம்ங்க. பிள்ளைங்க கைக்கு எட்டுற பிளக்குல கண்டிப்பா வேணாம்.

அடுத்து லித்தியம். இப்ப வர்றதுல பெரும்பாலும் 18650னு ஒரு செல்லு, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த அளவுதான் அதோட பேரு. லேப்டாப் பேட்டரிக்குள்ளயும் முன்னாடி இதுதான் இருந்துச்சு. 3.7 வோல்ட்டு, எடை ஒரு 45 கிராம். கணக்கப் பாருங்க, நல்ல செல்லு 2500 எம்ஏஹெச், அதாவது ரெண்டர ஆம்பியர் ஹவர், 3.7ஆல பெருக்குனா 9 வாட் ஹவர் சொச்சம். ஆசிட் பேட்டரியில பாதி எடை கூட இல்ல, ரெண்டு மடங்குக்கு மேல சரக்கு. எல்இடி ஒரு வாட்டுக்கு சுமாரா 100 லூமன் வெளிச்சம் குடுக்கும்னு வைங்க, மொட்டுப் பறிக்க 100 லூமன் தாராளம், அப்ப 9 மணி நேரம், சர்க்யூட்டு தின்னது, செல்லு பழசானது எல்லாம் கழிச்சாலும் 6 மணி நேரம் நிக்கும், உங்களுக்கு வேண்டியது நாலு மணி நேரம். அதே லைட்ட 500 லூமன்ல வச்சு எரிச்சா? 5 வாட்டு, ரெண்டு மணி நேரம் கூட வராது, விடியிறதுக்கு முன்னாடி அணைஞ்சுரும். வெளிச்சத்த கூட்டக் கூட்ட நேரம் கொறையும், இந்த ஒரு கணக்கு மனசுல இருந்தா போதும், எந்தக் கடைக்காரனும் உங்கள ஏமாத்த முடியாது.

ஏமாத்துறாங்கன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நானே ஏமாந்தவன்தான். ஆன்லைன்ல 9800 எம்ஏஹெச்னு போட்டு ஒரு செல்லு, விலையும் சல்லிசு, கடைக்காக இருபது வாங்கிப் போட்டேன். வந்ததும் கையில எடுத்தேன், காத்து மாதிரி இருக்கு, தராசுல வச்சா 26 கிராமு. டெஸ்டர்ல போட்டா ஆயிரம் கூட தாண்டல. ஒண்ண காலி பண்ணிட்டு மெதுவா பிரிச்சுப் பாத்தேன், உள்ள சுண்டு வெரல் மாதிரி ஒரு குட்டி செல்லு, மிச்ச எடத்துல வெள்ளையா ஏதோ மாவு. மாவுங்க! நீங்க பிரிச்சுப் பாக்காதீங்க, லித்தியம் தீ புடிக்கும், நான் தொழில்காரன் பண்ணிட்டேன், அதுவும் பண்ணியிருக்கக் கூடாதுதான். இந்த 18650 சைசுல உலகத்துல எந்த நல்ல கம்பெனியும் 3500, 3600க்கு மேல பெருசா போகல, அதனால 5000, 9000னு அட்டையில போட்டிருந்தா அது பொய்யின்னு அங்கயே தெரிஞ்சுக்கலாம். பூக்கடையில போயி தராசுல வச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல தராசுக்கா பஞ்சம்.

லித்தியத்துல ரெண்டு விஷயத்துல கவனம் வேணும். ஆசிட் பேட்டரி செத்ததும் அந்த டப்பாக்குள்ளயே லித்தியம் செல்லு வச்சுக் குடு தம்பின்னு கேட்டு நிறைய பேர் வர்றாங்க, சிலர் வீட்லயே ஒட்டிக்கிறாங்க. செய்யாதீங்க. ஆசிட் சார்ஜரு 4.8 வோல்ட்டு வரைக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும், லித்தியம் 4.2ல நிக்கணும், அதுக்கு மேல ஏத்துனா வீங்கும், பொகையும், வெடிக்கும். சார்ஜ் போர்டயும் சேத்து மாத்துனா சரி, இல்லாட்டி நான் மாத்தித் தர்றதே இல்ல. இன்னொண்ணு, ஸ்பேர் செல்ல சுருக்குப்பையில போடாதீங்க. வெத்தல, பாக்கு, சில்லறக் காசு, அதோட செல்லும் கிடந்தா காசு ரெண்டு முனையையும் சேத்துப் புடிக்கும், ஷார்ட் ஆகி பை எரியும். ஒரு அக்கா இடுப்புல சுட்டுக்கிட்டு வந்து என்னத்தான் திட்டுனாங்க, அன்னையில இருந்து செல்லு குடுக்குறப்ப ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவும் சேத்துக் குடுக்குறேன், காசு வாங்குறதில்ல.

சீசன் முடிஞ்சா லித்தியத்த ஃபுல்லா ஏத்தி வைக்கக் கூடாது, பாதி சார்ஜ்ல வைங்க, தகரக் கூரைக்கு அடியில வைக்காம நிழலான எடத்துல வைங்க. ஆசிட்டுக்கு ஃபுல்லு, லித்தியத்துக்குப் பாதி, மாத்திப் பண்ணிடாதீங்க.

பென்சில் செல்லு போடுற லைட்டும் இருக்கு. கடையில வாங்கிப் போடுற சாதாரண செல்லு தினமும் எரிக்கிறவங்களுக்குக் கட்டாது, எப்பவாவது கரண்ட்டு போறப்ப எடுக்குற வீட்டுக்கு சரி, அதுவும் செல்ல உள்ளயே விட்டு வச்சா ஒழுகி ஸ்பிரிங்கு பச்சை பச்சையா அரிச்சுரும். சார்ஜ் ஏத்துற பென்சில் செல்லு, நிக்கல் வகை, 1.2 வோல்ட்டு, அது தங்கமான செல்லு, தீ பயம் ரொம்பக் கம்மி, ஆனா அதுக்குன்னு தனி சார்ஜர் வாங்கணும்னு சொன்னா யாரும் வாங்க மாட்டேங்குறாங்க, நானும் சொல்லி அலுத்துட்டேன்.

லைட்டுக்கு வருவோம். நல்ல வெள்ள வெளிச்சம், அந்த நீலம் கலந்த வெள்ள, பாக்க பளிச்சுன்னு இருக்கும், கடையில அதத்தான் கேப்பீங்க. தோட்டத்துக்குப் போனா பூச்சி பூராவும் மூஞ்சியில. பூச்சிக் கண்ணுக்கு நீலமும் ஊதாவும்தான் நல்லா தெரியும், மஞ்சள் பக்கம் போகப் போக அதுக்கு ஆர்வம் கொறையும். அதனால மஞ்ச வெளிச்சம் இருக்கிற மாடலா எடுங்க, பூச்சி ஒரேயடியா நிக்காது, ஆனா வாய்க்குள்ள போறது கொறையும். வெள்ள மொட்டு மேல ரொம்ப வெளிச்சம் பட்டு கண்ணு கூசுறதும் இருக்காது. ஆனா வயரிங் வேல பாக்குற தம்பிகளுக்கு இது சரிப்படாது, மஞ்ச வெளிச்சத்துல செவப்பு வயரும் பிரவுன் வயரும் ஒண்ணா தெரிஞ்சா ஆபத்து, நீங்க நடுவாந்தர வெள்ளையா எடுத்துக்கங்க.

நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போறான். அவனுக்கும் ராத்திரி வேலதான், விடியிறதுக்கு முன்னாடி வெட்டுனாதான் பால் நல்லா ஓடும். ஆனா அவனுக்கு வேண்டிய லைட்டு வேற. கத்தி பட்டையில ஒரு மில்லிமீட்டர் அதிகமா எறங்குனா மரத்துக்குக் காயம், அதனால வெளிச்சம் குறுகலா, அந்த வெட்டு மேல மட்டும் கூர்மையா விழணும். நமக்கு அப்பிடி இல்ல, செடி முழுக்கப் பரவலா விழணும், குறுகலா இருந்தா மொட்டுக்கு மொட்டு தலைய ஆட்டிக்கிட்டே இருக்கணும், ரெண்டு மணி நேரத்துல கழுத்து போயிரும். பாம்புக்குப் பயந்து வரப்புல நடக்க மட்டும் கொஞ்சம் தூரமா அடிக்கிற மோடு ஒண்ணு இருக்கணும், போறப்ப ஒரு அஞ்சு நிமிஷம், வர்றப்ப விடிஞ்சுரும்.

அட்டையில "20 மணி நேரம்"னு போட்டிருப்பான். டார்ச்சு, நெத்தி லைட்டுக்கெல்லாம் எஃப்எல்1னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல பத்துல ஒரு பங்கா கொறையிற வரைக்கும் எரியிற நேரத்தக் கணக்குல எடுத்துக்குவாங்க. அதாவது 100 லூமன்ல ஆரம்பிச்சு 10 லூமன்ல முனகிக்கிட்டு இருக்கிறதும் அந்த 20 மணி நேரத்துல சேத்திதான். அந்த ஸ்டாண்டர்டு கூட இல்லாத அட்டையில என்ன வேணா எழுதலாம். பனிக்கும் வேர்வைக்கும் ஐபிஎக்ஸ்4னு, அதாவது தண்ணி தெறிச்சா தாங்கும்ங்கிற குறி, போட்டிருந்தா போதும், மழையில யாரு பறிக்கப் போறா.

எல்லாஸ்டிக்கப் பத்தி ஒண்ணு. தலையில எண்ணெ, அதுக்கு மேல துண்டு, துண்டுக்கு மேல பட்டைய மாட்டுங்க, அப்பதான் வழுக்காது, எல்லாஸ்டிக்கும் எண்ணெயில ஊறித் தளராது. பேட்டரி பின் மண்டையில இருக்கிற மாதிரி வாங்குனா குனியிறப்ப லைட்டு மூக்குக்கு எறங்காது.

கடைசியா ஒரு கோரிக்கை. தை மாசம் முடியப் போகுதுன்னா பரண்ல இருக்கிறத எறக்கி ஒரு நாள் சார்ஜ் போட்டு, வீட்லயே நாலு மணி நேரம் எரிய விட்டுப் பாருங்க. நிக்கலேன்னா மாசியில கொண்டு வாங்க, நிதானமா பாத்துத் தர்றேன். சீசன் தொடங்குற அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கதவத் தட்டாதீங்க. போன வருஷம் தட்டுன ஆளு யாருன்னு எனக்குத் தெரியும், கேட்டுக்கிட்டும் இருப்பாரு, முறையில எனக்கு மாமனாரு வேற, அதனால பேரச் சொல்லல. வணக்கம்ங்க.