தூரத்தில் இருந்து வருவதா பிரச்சினை, ஒரே வழியில் வருவதா?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சமையல் இல்லை, நம் தட்டுக்கு அது வந்து சேர்கிற வழியைப் பற்றி. உணவு விநியோகச் சங்கிலி என்றவுடன் கப்பல், லாரி, கிடங்கு என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நான் எரிவாயுவில் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

2021 செப்டம்பர், பிரிட்டன். எரிவாயு விலை தாறுமாறாக ஏறிவிட்டது. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவை அந்த எரிவாயுவை வைத்துத்தான் செய்கிறார்கள், அதனால் கட்டுப்படியாகவில்லை என்று இரண்டு உர ஆலைகளை மூடிவிட்டார்கள். சரி, உரம்தானே குறையும் என்று நினைப்போம். ஆனால் அம்மோனியா தயாரிக்கும்போது கூடவே கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும், அதைப் பிடித்து விற்பார்கள், அந்த நாட்டில் புழங்கிய கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு இடங்களில் இருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வெட்டுவதற்கு முன் பன்றியையும் கோழியையும் மயக்க அது வேண்டும், பாக்கெட்டில் அடைத்த இறைச்சி சீக்கிரம் கெடாமல் இருக்க அது வேண்டும், குளிர்பானத்தில் குமிழி வர அது வேண்டும். கடைசியில் மூன்று வாரத்துக்கு ஆலையை ஓட்டும் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு ஒன்றைத் திறக்க வைத்தது. யோசித்துப் பாருங்கள், பண்ணையில் விலங்கு இருக்கிறது, தீவனம் இருக்கிறது, லாரி இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. யாரும் கவனிக்காத ஒரு உபபொருள் நின்றதும் எல்லாம் தடுமாறிவிட்டது.

இதைக் கேட்டால் சிலர் உடனே, அதனால்தான் பக்கத்திலேயே விளைந்ததை வாங்க வேண்டும் என்பார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மேலே சொன்ன ஆலைகள் இரண்டும் உள்நாட்டில்தான் இருந்தன! சுற்றுச்சூழல் கணக்கும் அவ்வளவு எளிதாக இல்லை. உணவை ஓரிடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதை மட்டும் எடுத்தால், உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களில் அதன் பங்கு சுமார் 6 சதவீதம். உரம், இயந்திரம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவதையும் சேர்த்துக்கொண்ட 2022 ஆய்வு ஒன்று 19 சதவீதம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும் பெரும்பகுதி வேறெங்கோ இருக்கிறது, நிலத்தில், கால்நடையில், உரத்தில். விமானத்தில் வருவது மட்டும் விதிவிலக்கு, அது உண்மையிலேயே மோசம். மற்றபடி, எல்லாமே ஒரே வட்டாரத்தில் விளைந்தால் ஒரு வெள்ளத்தில் எல்லாமே போய்விடும், அப்போது தூரத்துக்காரர்தான் கைகொடுக்க வேண்டும்.

என் கண்ணுக்குத் தூரத்தை விட, ஒற்றைக் காலில் நிற்பதுதான் பயமாகத் தெரிகிறது. 1970இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு வந்த இலைக்கருகல் நோயைப் பாருங்கள். ஒட்டுவிதை உண்டாக்க வேண்டுமென்றால் தாய்ச்செடி வரிசையில் உச்சியில் இருக்கும் ஆண் பூக்கொத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும், அதற்கு ஏகப்பட்ட கூலியாள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, மகரந்தமே உண்டாகாத ஒரு வகையைத் தாயாக வைத்துக்கொண்டார்கள். நாட்டின் பெரும்பகுதி விதை அந்த ஒரே தாய் வழியில் வந்தது. அந்த வகையையே குறிவைத்துத் தாக்குகிற பூஞ்சை வந்தபோது, ஒரே பருவத்தில் சுமார் 15 சதவீத விளைச்சல் போனது. கூலியில் மிச்சம் பிடித்தது நல்ல கணக்குதான், நோய் வராத வரைக்கும்.

லெபனான் கதை இன்னும் கொடுமை. பெய்ரூட் துறைமுகத்தில் 1,20,000 டன் கொள்ளும் தானியக் கிடங்கு ஒன்று இருந்தது, நாட்டிலேயே பெரியது. 2020 ஆகஸ்ட் 4 வெடிவிபத்தில் அது சிதைந்தது. அதற்குப் பிறகு வரும் கோதுமையை ஆலைகளே தங்கள் இடத்தில் வைத்துக்கொண்டன, இருப்பு ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத்தான். அப்புறம் 2022இல் உக்ரைன் போர். லெபனானின் கோதுமையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சேமிக்கவும் இடமில்லை, வாங்கவும் அந்த இடம் இல்லை.

அப்படியென்றால் எல்லாரும் குவித்து வைக்கலாமா என்றால், எப்போது குவிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2007 கடைசியில் இருந்து 2008 நடுப்பகுதிக்குள் உலகச் சந்தையில் அரிசி விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. அந்த வருடம் விளைச்சல் பெரிதாகக் குறையவே இல்லை! ஏற்றுமதி செய்கிற நாடுகள் தடை போட்டன, இறக்குமதி செய்கிற நாடுகள் பதறிப் போய் வாங்கிக் குவித்தன, இரண்டும் சேர்ந்து விலையை ஏற்றின. மழை வந்த பிறகு கூரையைப் பிரித்த கதைதான். கையிருப்பு என்பது விலை படுத்திருக்கும்போது சத்தமில்லாமல் சேர்க்க வேண்டியது, பழையதை முதலில் வெளியே விட்டுப் புதியதை உள்ளே வைத்து.

இருப்பு வைத்தால் வீணாகுமே என்ற கேள்வியும் நியாயம்தான். ஐ.நா. கணக்குப்படி 2022இல் மட்டும் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆனால் காய்ந்த தானியம் வேறு, காய்கறி, பால், மீன் வேறு. தானியம் சரியாகக் காய்ந்து, பூச்சி புகாமல் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். பாலைக் குவித்து வைக்க முடியாது, அங்கே இன்னொரு குளிர்பதனக் கிடங்கு, இன்னொரு பாதை, மின்சாரம் போனால் ஓடுகிற ஜெனரேட்டர் என்று வழிகளைத்தான் கூட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பெரிய நிறுவனங்கள் தாங்குதிறன், நிலைத்தன்மை என்று அறிக்கை வெளியிடுவார்கள், செலவைச் சத்தமில்லாமல் விவசாயி தலையிலும் சின்ன சப்ளையர் தலையிலும் கட்டுவார்கள். தானிய இருப்பு அரசாங்கத்தின் வேலை, அதில் லாபம் பார்க்க முடியாது. இரண்டாவது சப்ளையரை வைத்துக்கொள்ளும் செலவு வாங்குகிற நிறுவனத்தின் வேலை. அடுத்த தடவை அந்த மாதிரி அறிக்கை கண்ணில் பட்டால் படங்களைத் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: அவர்களுடைய முக்கியமான மூலப்பொருள் எத்தனை இடத்தில் இருந்து வருகிறது, அதில் ஒன்று பத்து நாள் மூடினால் என்ன செய்வார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.