ஆட்டைக்குச் சேர்த்துக்குவீங்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழகச் சொல்லிக்கொடுக்கும் தெரபிஸ்டுகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று பேசச் சொல்லி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் எங்கள் அம்மா சிரித்தார். "பழகுறதுக்கெல்லாம் ஒரு படிப்பா? தெருவுல விட்டா தானா வந்துரும்" என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஏ.டி.எச்.டி. என்கிற, கவனம் நிலைக்காத துறுதுறுப்பு உள்ளவர்கள், பேச்சு தாமதமாக வந்தவர்கள் என்று சிலருக்குத் தெரு நடத்தும் பாடம் பிடிபடுவதில்லை. அவர்களுக்காகத்தான் எங்கள் வேலை. நான் பேச்சுப் பயிற்சியாளர். 'ஸ்பீச்சுக்குப் போறோம்' என்று பெற்றோர் சொல்வார்களே, அந்த ஸ்பீச். வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச காலமாகப் புதிதாக வருகிற தெரபிஸ்டுகளுக்கும் வகுப்பெடுக்கிறேன்.

முதல் வகுப்பில் அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். அது என் தவறு ஒன்றின் கதை.

வேலைக்கு வந்த புதிது. மதுரையில் ஒரு பையன், ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு, நன்றாகப் பேசுவான். சாயங்காலம் காலனிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது இவனும் ஆட வேண்டும், அவன் அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. மூன்று மாதம் உழைத்தேன். கிட்டப் போ, முகத்தைப் பார், கையை நீட்டு, 'என் பேரு இது, நானும் உங்களோட விளையாடலாமா?' என்று கேள். அறைக்குள் நானே தெருப் பையனாக நடிப்பேன். அவன் வந்து கேட்பான். "ஓ, தாராளமா வா" என்பேன். பத்துக்குப் பத்து. கோப்பில் 'இலக்கு எட்டப்பட்டது' என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தெருவுக்குப் போனான். பௌலர் ஓடி வந்துகொண்டிருக்கிறான். இவன் நேராகப் பிட்ச் நடுவில் போய் நின்று, கையை நீட்டி, நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். தெருவே சிரித்தது. 'விளையாடலாமா' என்பதே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அதன் பிறகு அவன் மாடியை விட்டு இறங்கவில்லை. அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒருநாள் சாயங்காலம் நீங்களே வந்து பாருங்க மேடம்" என்றார், அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் யாரிடமும் 'விளையாடலாமா' என்று கேட்கவே இல்லை. புதிதாக வந்த ஒரு பையன் காம்பவுண்டுச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஓரமாக நின்றான். இரண்டு ஓவர் பார்த்தான். ஒரு நல்ல அடிக்கு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "செம்ம ஷாட்டு" என்றான். பந்து சாக்கடைக்குள் போனது. அவனே போய் எடுத்து, மண்ணில் புரட்டித் துடைத்து, பௌலரிடம் எறிந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க சைடுல ஒரு ஆளு கம்மில்ல?" என்றான். "ஆமா, நீ லாங்ல நில்லு." முடிந்தது. மூன்று மாதம் நான் நடத்திய பாடத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

இதை நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1981லேயே இதை எழுதிவிட்டார்கள் என்று. ஒரு கூட்டத்துக்குள் சுலபமாகச் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகள், அந்தக் கூட்டம் எதில் மூழ்கியிருக்கிறதோ அதையொட்டியே ஏதாவது சொல்வார்கள், செய்வார்கள். சேர முடியாத பிள்ளைகள் தங்களைப் பற்றிப் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள், மறுத்துப் பேசுவார்கள். அதாவது, கவனத்தைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். நான் அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டாவது வகை. பேரைச் சொல், கேள்வி கேள், ஆட்டத்தை நிறுத்து.

லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசனும் ஃப்ரெட் ஃபிராங்கலும் வளரிளம் பிள்ளைகளுக்காக உருவாக்கிய 'பியர்ஸ்' என்ற பயிற்சித் திட்டம் இந்தப் புள்ளியில்தான் நிற்கிறது. வாரம் ஒன்றரை மணி நேரம், பதினான்கு வாரம். பிள்ளைகள் ஓர் அறையில் படிக்கும் அதே நேரத்தில் பெற்றோர் பக்கத்து அறையில் படிப்பார்கள். பெரியவர்கள் எதைச் சரி என்று நினைக்கிறார்களோ அதை அங்கே நடத்துவதில்லை. அந்த வயதில் நாலு பேரோடு நன்றாகப் பழகும் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்களோ, அதைத்தான் நடத்துகிறார்கள். கேலியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் என்ன சொல்வோம்? 'கண்டுக்காதே', 'டீச்சர்கிட்ட சொல்லு'. இரண்டும் பெரும்பாலும் கேலியை வளர்க்கும். பியர்ஸில், அலட்சியமாக ஒரு குட்டிப் பதில் சொல்லிவிட்டு நகரப் பழக்குகிறார்கள். நம் ஊரில் அது "சரி, அதுக்கென்ன இப்ப?" இதைச் சொல்லும்போது தோளைக் குலுக்க வேண்டும், குரல் உடையக் கூடாது. இதற்கு மட்டும் என் வகுப்பில் அரை நாள் ஒத்திகை நடக்கும். முப்பது வயது தெரபிஸ்டுகளுக்கே சுலபத்தில் வராது.

ஆனால் வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் இங்கே வேறு வகையில் மாட்டிக்கொள்வோம். ஒரு சிறுமி பாட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது, பயிற்சியில் சொன்னபடி கையசைத்து, "நான் போறேன் பாட்டி" என்றாள். பாட்டி பதறிப்போய், "போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார். அவள் நின்று யோசித்தாள். "நாளைக்கு ஸ்கூலு. அடுத்த மாசம்தான் வருவேன். எப்படி வரேன்னு சொல்றது?" அவள் தர்க்கத்தில் ஓட்டை எங்கே? எந்தக் கையேட்டிலும் இதற்குப் பதில் இல்லை. 'சாப்பிட்டியா?' என்று கேட்பவர் நம் சாப்பாட்டுக் கணக்கைக் கேட்கவில்லை. 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்றால் முதல் தடவையே உட்கார்ந்துவிடக் கூடாது. பல வீடுகளில் அம்மாவை 'நீ' என்கிறோம், அப்பாவை 'நீங்க' என்கிறோம். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் தெரபிஸ்ட் என்ன சொல்வார்? கறிகாய்க்காரர் அண்ணன், பேங்க் மேனேஜர் சார், அம்மாவின் தோழி ஆன்ட்டி, அவருடைய மாமியார் பாட்டி. இதையெல்லாம் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

கண்ணைப் பார்த்துப் பேசுவதும் இப்படித்தான். 'பத்து விநாடி கண்ணைப் பார்ப்பான்' என்று இலக்கு எழுதாத தெரபிஸ்ட் அபூர்வம். அதே பிள்ளை தாத்தா அதட்டும்போது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றால், "முறைக்கிறியா?" என்று இன்னும் ரெண்டு கிடைக்கும். இது நம் ஊர்ச் சிக்கல். இன்னொரு சிக்கல் எல்லா ஊருக்கும் பொது. ஆட்டிசம் உள்ள பலர் பெரியவர்களான பிறகு சொல்கிறார்கள்: கண்ணைப் பார்க்கும் முயற்சியிலேயே கவனம் முழுக்கப் போய்விடும், எதிராளி சொன்னது காதில் ஏறாது என்று. பிரிட்டனில் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் இருக்கிறார். அவருக்கே ஆட்டிசம் உண்டு. 2012இல் அவர் எழுதியதன் சாரம் இது: புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்துக் குறை இல்லை. அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவர்களைப் புரியவில்லை. இதைப் படித்த பிறகு கண் பார்க்கும் இலக்கை நான் எழுதுவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் அடிக்கடி கையை உதறுவார்களே, அதை நிறுத்தும் இலக்கையும் எழுதுவதில்லை. உதறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இங்கே சான்றிதழ் பற்றிக் கொஞ்சம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் ஒன்று. இப்போது ஊருக்கு ஊர் தெரபி சென்டர் வந்துவிட்டது. சிறப்பாசிரியர், கிளினிகல் சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேட்பதற்குப் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை. முறையான படிப்புக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, நிப்மெட் என்போம். வேறு கல்லூரிகளும் உண்டு. எனக்குக் கோபம் வருவது, சனி ஞாயிறு இரண்டு நாள் ஹோட்டல் அரங்கில் உட்காரவைத்து, ஸ்லைடு காட்டி, மதியம் பிரியாணி போட்டு, மாலையில் ஃபிரேம் போட்ட சான்றிதழ் தரும் வகுப்புகள் மேல்தான். நானும் அப்படி இரண்டு வாங்கியிருக்கிறேன். பிரியாணி நன்றாக இருந்தது.

படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. அறைக்குள் கற்றது வெளியே போகாது. 1977இல் ஸ்டோக்ஸ், பேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தெரபிஸ்டுகள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று வகைபிரித்தார்கள். அவர்கள் முதலில் சொன்ன வகை, நம் பேச்சில் சொன்னால், 'சொல்லிக்கொடுத்துட்டேன், இனி சாமி விட்ட வழி'. 2007இல் ஸ்காட் பெல்லினி என்ற ஆய்வாளரும் சகாக்களும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் நடந்த பழகுதிறன் பயிற்சிகள் பற்றிய 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் சொற்பம். அதிலும் தனி அறைக்கு அழைத்துப்போய் நடத்தியதைவிட, வகுப்பறையிலேயே நடத்தியது மேல் என்று தெரிந்தது.

அதற்காக டீச்சரிடம் சொல்லி, "எல்லாரும் இவனையும் ஆட்டத்துல சேத்துக்கணும்" என்று உத்தரவு போடவைத்தால் என்ன ஆகும்? ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லே ஊனத்தைக் கேலி செய்கிற சொல், எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த நிலைமையை அவ்வளவு கச்சிதமாகச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் இருப்பான், தொட்டால் அவுட் இல்லை, அடித்தால் ரன் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும் தெரபிஸ்ட் 'குழுவில் பங்கேற்றான்' என்று எழுதிவிடுவார். என் மாணவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "அவன் அவுட்டா இல்லையான்னு சண்டை வந்துச்சா?" சண்டை வந்தால் அவன் உண்மையாகவே ஆட்டத்தில் இருக்கிறான்.

சேர்ந்தே தீர வேண்டிய காரணம் விளையாட்டுக்குள்ளேயே இருந்தால் உத்தரவு தேவைப்படாது. அமெரிக்காவில் வேலை பார்த்த உளவியலாளர் டேனியல் லெகாஃப், காத்திருப்பு அறையில் இரண்டு பிள்ளைகள் லெகோ கட்டைகளோடு தானாகவே ஒட்டிக்கொண்டதைக் கவனித்து அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். 2004இல் அதைப் பற்றி எழுதினார். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் கட்டையைத் தேடித் தர வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும். பேசாமல் வேலை நடக்காது. எங்கள் வகுப்பில் இதைத் தெரபிஸ்டுகளையே செய்யவைத்து வீடியோ எடுப்போம். பிறகு போட்டுப் பார்த்தால், பாதிப் பேர் கட்டுகிறவர் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் கொஞ்சம் கனமான விஷயம். பழகுதிறன் என்ற பெயரில் நாங்கள் எழுதும் இலக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாமே 'சரி' சொல்லும் இலக்குகள். கை கொடு, வணக்கம் சொல், கட்டிப்பிடி, கேட்டதைக் கொடு. 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கும் இலக்கு எங்கே? 'பெரியவங்க சொன்னா கேக்கணும்' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பும் பிள்ளையிடம், தப்பான பெரியவர் ஒருவர் வந்தால்? அதனால் என் வகுப்பில் எந்தத் திட்டமும் ஒரு 'வேண்டாம்' இல்லாமல் கையெழுத்து வாங்காது. அந்த 'வேண்டாம்' முதலில் என்னிடமே வரும், தெரபி நேரத்திலேயே. 'இன்னைக்கு வேண்டாம் மேடம்' என்று பிள்ளை சொன்னால் நான் நிறுத்த வேண்டும். புதிய தெரபிஸ்டுகளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், வெளியே பெற்றோர் பீஸ் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா.

இப்போது என் வகுப்பில் முதல் வாரம் புத்தகம் கிடையாது. ஆளுக்கு ஒரு நோட்டு. அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணிக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும். கருத்து எழுதக் கூடாது, நடந்ததை மட்டும்.

போன குழுவில் ஒரு பெண் எழுதியதைச் சொல்கிறேன். யாரும் யாரிடமும் 'எனக்குக் கொஞ்சம் தா' என்று கேட்கவில்லையாம். டப்பா மூடியில் கொஞ்சம் வைத்துத் தரையில் லேசாகத் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். எடுத்துக்கொள்கிறவன் தன்னுடையதில் கொஞ்சம் வைத்துத் திருப்பித் தள்ளுகிறான். எங்கள் கோப்பில் 'தனித்தே இருப்பான்' என்று எழுதப்பட்ட ஒரு பையனும் அந்த வட்டத்தின் ஓரத்தில் இருந்தான். தினமும் தயிர்சாதம், உருளைக்கிழங்கு சிப்ஸ், வேறெதுவும் தொட மாட்டான். மூன்றாவது நாள் அவன் மூடியில் இரண்டு சிப்ஸை வைத்து, தலையைத் திருப்பிக்கொண்டு, ஒரு சாண் தூரம் தள்ளினான். பக்கத்துப் பையன் எடுத்துக்கொண்டு, ஒரு வாழைக்காய் வறுவலை வைத்துத் திருப்பித் தள்ளினான். இவன் அதைச் சாப்பிடவில்லை. ஆனால் தூக்கி எறியவும் இல்லை, மணி அடிக்கும்வரை மூடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"சரி, அடுத்த மாசத்துக்கு என்ன இலக்கு எழுதப்போற?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்கம்மாகிட்ட சொல்லி, கொஞ்சம் பெரிய மூடியா இருக்கிற டப்பா வாங்கச் சொல்லணும் மேடம். சிப்ஸும் நாலு கூடுதலா வைக்கச் சொல்லணும்."

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வணக்கம்.