தண்ணீர் கேட்காத புல்: வாசலில் வெட்டிவேர்

(காட்சி: அல்சூரில் ஒரு வீடு. காம்பவுண்டுச் சுவரோரம் இரண்டடி அகலத்துக்குச் செம்மண். அதில் ஆளுயரத்துக்குப் புல் புதர்.)

2024 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, செடிக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த மாதம். எங்கள் வாசல் புல்தரை அந்தக் கோடையில்தான் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலேயே நின்ற இந்தப் புதருக்கு இலை நுனி மட்டும் காய்ந்தது. மழை விழுந்ததும் பழையபடி பச்சை.

இது வெட்டிவேர். பானைத் தண்ணீரில் போடுவோமே, அதேதான்.

(காட்சி: மண்ணை ஒதுக்கி, தூரைக் காட்டுதல்.)

இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் படராது, நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டரையும் தாண்டும். மேல்மண் புழுதியாகப் பறந்தாலும் அடி ஈரம் அதற்குக் கிடைத்துவிடும். 1980களில் உலக வங்கி மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல்லைப் பரப்பியதும் இந்த வேருக்காகத்தான்.

சரி, எங்கே வாங்குவது? நாட்டுமருந்துக் கடையில் விற்கும் காய்ந்த வேர் முளைக்காது. தூரிலிருந்து பிரித்த நாற்றுதான் வேண்டும். இங்குள்ள நர்சரிகளில் ‘லாவஞ்ச’ என்று கன்னடத்தில் கேளுங்கள். வாங்குமுன் ஓர் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். எலுமிச்சை வாசம் வந்தால் அது லெமன்கிராஸ். நான் முதலில் அதைத்தான் வாங்கி வந்து, ஆறு மாதம் பெருமையாக வளர்த்தேன்! வெட்டிவேர் இலைக்கு வாசமே கிடையாது, மணமெல்லாம் வேரில்.

(காட்சி: கத்தரியால் நாற்றை நறுக்குதல்.)

இலையை ஒரு சாண் விட்டு நறுக்குங்கள், வேரை நான்கு விரற்கடை. ஜூனில், நல்ல வெயில் படும் இடத்தில் நடுங்கள். நிழலில் சோனியாகத்தான் நிற்கும். வேலி மாதிரி வேண்டுமென்றால் அரை அடி இடைவெளி, தனிப் புதராக அழகுக்கு என்றால் இரண்டு மூன்றடி. முதல் மூன்று மாதம் மழை ஏமாற்றினால் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் மறந்துவிடலாம்.

இலை ஓரம் கையைக் கீறும். குழந்தைகள் ஓடும் நடைபாதையை ஒட்டி வைக்க வேண்டாம்.

வேருக்கு ஆசைப்பட்டால் தரையில் இருப்பதைத் தோண்டாதீர்கள், புதரே போய்விடும். அதற்கென்று ஒரு சிமெண்ட் மூட்டையில் தனியாக இரண்டு நாற்று வையுங்கள். ஒன்றரை வருடத்தில் மூட்டையைக் கிழித்துக் கொட்டினால் வேர் முழுசாகக் கையில் வரும்.

வாசல் புதரை வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் போதும். வெட்டிய இலை எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கு.