கிண்ணத்துக்கு அடியில் ஒரு தராசு

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், இந்தக் குளிரிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் பொங்கல் வணக்கம். வீட்டுச் சமையல் குறிப்பைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றுவது பழகிய கையா, எழுதி வைத்த அளவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதி வைத்த அளவுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அக்கா பேசியதைக் கேட்டீர்கள். அவருடைய ஆச்சி எதையும் அளந்ததே இல்லையாம், கண்ணால் பார்த்தார், கையால் போட்டார், அந்த ருசி இன்றைக்கும் நாக்கில் நிற்கிறதாம். நம்புகிறேன் அக்கா, முழுசாக நம்புகிறேன். ஆனால் அந்த ருசியை இன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்பில் யார் கொண்டுவருகிறார்கள்? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டீர்களே!

நான் ஒரே ஒரு பலகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். சாக்லேட் பீனட் பட்டர் ஓட்ஸ் பார். அதிரசம் இருக்க இது எதற்கு என்று கேட்பீர்கள். என் கணவர் இந்த ஊர்க்காரர், இது அவருடைய பாட்டியின் குறிப்பு, அதிரசமும் இதுவும் என் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பரம்பரைச் சொத்துதான். அதோடு இந்தப் பலகாரத்துக்கு ஒஹாயோவைவிடப் பொருத்தமான மண் எங்கே இருக்கிறது? ஜெர்மனியில் இருந்து குடியேறிய ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் 1850களிலேயே ஆக்ரனில் ஓட்ஸ் அரைத்து விற்றார். குவாக்கர் என்ற ஓட்ஸ் வணிகப் பெயரை 1877இல் பதிவு செய்தது பக்கத்தில் ராவென்னாவில் இருந்த ஆலை. ஆக்ரனில் ஓட்ஸ் கொட்டி வைத்த கான்கிரீட் சைலோக்களை, அந்த உயரமான தானியத் தொட்டிகளையே பிற்பாடு தங்கும் ஓட்டலாக மாற்றினார்கள், உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அப்புறம் பீனட் பட்டர் உருண்டையைச் சாக்லேட்டில் முக்கி, மாநில மரமான பக்கையின் கொட்டை மாதிரியே செய்து, அதே பெயரையும் வைத்த மக்கள் இவர்கள். ஓட்ஸ், பீனட் பட்டர், சாக்லேட் மூன்றும் ஒரே ட்ரேயில் சேர்ந்தால் இந்த ஊர் வீடுகளில் கேட்க வேண்டுமா?

தெரியாதவர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸ், மைதா, பிரவுன் சுகர், உருக்கிய வெண்ணெய், பீனட் பட்டர், கொஞ்சம் உப்பு, பேக்கிங் சோடா எல்லாம் சேர்த்துப் பிசிறி, அதில் பாதிக்கு மேல் எடுத்து ட்ரேயில் அழுத்த வேண்டும். அதன்மேல் கண்டென்ஸ்டு மில்க்கில் உருக்கிய சாக்லேட்டை ஊற்றி, மீதிக் கலவையை மேலே உதிர்த்துவிட்டு ஓவனில் வைக்க வேண்டும். நன்றாக ஆறியபின் வெட்டினால் கீழே கடிபடும், நடுவில் குழையும், மேலே மொறுமொறு என்று இருக்கும். அந்த மூன்றும் ஒரே வாயில் வரவேண்டும், அதுதான் பாட்டியின் பார்.

சரி, பாட்டி என்ன எழுதி வைத்தார்? தகர டப்பாவில் ஒரு சின்ன அட்டை. ஓட்ஸ் மூன்று கப், மாவு போதுமான அளவு, பீனட் பட்டர் பெரிய கரண்டியால் நன்றாக அள்ளி, சாக்லேட் ஒரு பை, பால் ஒரு டின், வெந்ததும் எடுக்கவும். இவ்வளவுதான். எந்த ட்ரே, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எதுவும் இல்லை. அவருக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் கை இருந்தது. எதிரணி கொண்டாடுகிற அதே கை.

அந்தக் கை போனபிறகு நடந்ததைச் சொல்கிறேன். பாட்டிக்கு மூன்று மகள்கள், மூவருமே அடுப்படியில் அவர் பக்கத்தில் நின்று பழகியவர்கள், மூன்று வீட்டிலும் இன்றைக்கு இந்த பார் செய்கிறார்கள். மூன்றும் மூன்று பலகாரம்! ஒருவர் செய்தால் கேக் மாதிரி மெத்தென்று இருக்கிறது, இன்னொருவர் செய்தால் எண்ணெய் கசிந்து கையில் உதிர்கிறது, என் மாமியார் செய்வது மட்டும் பாட்டியுடையதற்குக் கிட்டத்தில் நிற்கிறது. இதுதான் அம்மா செய்தது என்று மூவருமே உறுதியாகச் சொல்கிறார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. பழகிய கை காப்பாற்றும் என்றால், பக்கத்தில் நின்று பழகிய மூன்று கையும் ஏன் மூன்று பக்கம் போனது என்று எதிரணியில் அடுத்து வருகிறவர் சொல்லட்டும்.

காரணம் என் கையில் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் தருகிறேன். ஓட்ஸ் என்று மட்டும் எழுதினால் போதாது. அவித்துத் தட்டையாக்கிய முழு ஓட்ஸ் ஒரு ரகம், அதையே சின்னதாக வெட்டி இன்னும் மெல்லிசாகத் தட்டிய குயிக் ஓட்ஸ் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது, ஈரத்தைச் சீக்கிரம் குடித்துவிடும், கடிபட வேண்டிய அடி மெத்தென்று ஆகிவிடும். மெல்போர்னில் குடியேறிய மகள் அங்கே கிடைத்த குயிக் ஓட்ஸைப் போட்டார், கேக் ஆனது. பீனட் பட்டர் சங்கதி இதைவிடப் பெரிசு. பாட்டி வாங்கியது கடைகளில் சாதாரணமாக விற்கிற வழவழப்பான ரகம். கடலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் இருக்க 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் கண்டுபிடித்த வழியில் வந்தது அது, ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு அதைக் கட்டிப்பிடித்து வைக்கிறது. இன்றைக்கு உடம்புக்கு நல்லது என்று வெறும் கடலை மட்டும் அரைத்த பாட்டிலை வாங்குகிறோம், வாங்க வேண்டியதுதான், ஆனால் அதில் எண்ணெயைக் கட்டி வைக்க எதுவும் கிடையாது, ஓவன் சூட்டில் அது தனியாகப் பிரியும். இரண்டாவது மகள் வீட்டு பார் உதிர்வது அதனால்தான். இந்த நாட்டுச் சட்டப்படி பீனட் பட்டர் என்று பெயர் போட 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும், மீதி 10 சதவீதத்தில் இருக்கிறது இந்த விவகாரம் முழுதும்.

அடுத்து அந்த ஒரு டின் பால். இங்கே கடையில் பால் டின் இரண்டு வகை, பக்கத்துப் பக்கத்திலேயே அடுக்கி இருக்கும். எவாப்பரேட்டட் மில்க்கில் சர்க்கரை இல்லை, தண்ணியாக இருக்கும். கண்டென்ஸ்டு மில்க் சர்க்கரை போட்டுக் கெட்டியாகக் காய்ச்சியது, 14 அவுன்ஸ் டின், 397 கிராம். முதலாவதை ஊற்றினால் நடு அடுக்கு கெட்டிப்படவே படாது. பாட்டியின் அட்டையில் இருப்பது பால் மட்டும். சாக்லேட் ஒரு பை என்பதும் அப்படித்தான். அப்போது 12 அவுன்ஸ், 340 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், இப்போது 10 அவுன்ஸ் பையும் விற்கிறது, 11 அவுன்ஸ் பையும் விற்கிறது. கேக் மிக்ஸ் பெட்டிகூட 18.25 அவுன்ஸில் இருந்து 15.25 அவுன்ஸுக்கு இறங்கிவிட்டது, அந்தப் பெட்டியை நம்பி ஒரு பெட்டி என்று எழுதி வைத்த எத்தனையோ வீட்டுக் குறிப்புகள் இந்த நாட்டில் பொய்த்துப் போயிருக்கின்றன. கம்பெனி பையைச் சுருக்கினால் பாட்டியின் ருசியும் சேர்ந்து சுருங்க வேண்டுமா ஐயா?

கப்பும் சும்மா இல்லை. இங்கே கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250 மில்லி. இங்கே டேபிள்ஸ்பூன் 15 மில்லி, அங்கே 20 மில்லி. ஒரே ஊரில், ஒரே கப்பில்கூட மைதாவைக் கரண்டியால் மெதுவாக நிரப்பினால் 120 கிராம், பைக்குள் கப்பை விட்டு அள்ளினால் 145, 150 கிராம் வரும். கால் பங்குக்குக் கிட்டே வித்தியாசம், இரண்டு பேருமே ஒரு கப் போட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

இங்கே எதிரணித் தம்பி எழுந்து, அளவு முன்னே பின்னே இருந்தால் என்ன, சமைக்கும்போது சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். குழம்புக்குச் சரி தம்பி. புளி கூடினால் தண்ணீர் விடலாம், உப்பு குறைந்தால் போடலாம், குழம்பு கடைசி நிமிஷம்வரை நம் பேச்சைக் கேட்கும். ஓவனுக்குள் ட்ரேயை வைத்துக் கதவை மூடியபிறகு நீங்கள் என்ன சரி பண்ணுவீர்கள்? மாவு கூடிவிட்டது என்று தெரிவது வெட்டும்போதுதான். பேக்கிங் என்றாலே முடிவெல்லாம் முன்னாலேயே எடுத்தாக வேண்டும், அதனால்தான் இதில் எழுதிய அளவு இல்லாமல் ஒரு அடி நகர முடியாது என்கிறேன்.

அப்புறம் ஒரு பெரிய குற்றச்சாட்டு, அளப்பது நம் பண்பாடே இல்லை என்று. இதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இந்த வாய்ப்பாட்டை வைத்திருந்தவர்கள் யார்? நம் ஆச்சிகள்தானே? இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று ஆழாக்கில் தலைதட்டிப் போட்ட கை அது. கண்ணளவுக்காரர்கள் என்று அவர்களைச் சொல்வது பாராட்டு மாதிரி தெரியும், உண்மையில் அவர்களுடைய அறிவைக் குறைத்துச் சொல்வது அது. இந்த ஊர்ப் பாட்டிகளும் முன்பு முட்டை அளவு வெண்ணெய் என்று எழுதியவர்கள்தான். பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர், 1896இல் வந்த தன் நூலில், கரண்டியையும் கப்பையும் கத்தியால் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தி எழுதினார். அதனால் என்ன கெட்டுப்போனது? அம்மா பக்கத்தில் இல்லாத பெண்கள், புது ஊருக்கு வந்தவர்கள், யாரிடமும் கேட்க முடியாதவர்கள் எல்லோரும் சமைக்க முடிந்தது. நம்மில் எத்தனை பேர் அப்படி வந்து இறங்கியவர்கள் என்று இந்த அரங்கைச் சுற்றிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது இது. மாமியாரை அளந்து போடச் சொல்லவே இல்லை. கிண்ணத்துக்கு அடியில் ஒரு டிஜிட்டல் தராசை வைத்தோம், எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம், அவர் வழக்கம்போலக் கையால் அள்ளிப் போட்டார், ஒவ்வொரு முறையும் வந்த எண்ணை நான் எழுதினேன். அந்தப் போதுமான அளவு மாவு 180 கிராம். பெரிய கரண்டியால் அள்ளிய பீனட் பட்டர் 130 கிராம். முழு ஓட்ஸ் 270, பிரவுன் சுகர் 200, வெண்ணெய் இங்கே கடையில் விற்கிற குச்சிக் கணக்கில் ஒன்றரை, அதாவது 170 கிராம். ட்ரே 9க்கு 13 அங்குலம். ஓவன் 350 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். கை எப்படி வேலை செய்ததோ அப்படியே இருக்கிறது, இப்போது அது தாளிலும் இருக்கிறது. எதிரணி நேசிக்கிற கைக்கு இதைவிட மரியாதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு வீட்டு ஓவனும் வேறு, உங்கள் எண் அங்கே செல்லாது என்று ஒரு வாதம் வந்தது. நல்ல வாதம். அதனால்தான் எழுதிய அளவு என்றால் எண் மட்டும் என்று நான் சொல்லவில்லை. 25 நிமிஷம் என்று எழுதினேன், அதற்குக் கீழேயே, ஓரம் பொன்னிறமாகி, நடுவே தொட்டால் இன்னும் கொஞ்சம் அசையும்போது எடுத்துவிட வேண்டும், ஆறும்போது கெட்டிப்படும் என்றும் எழுதினேன். சூடாக வெட்டினால் நடு அடுக்கு வழியும் என்று எழுதினேன். மாமியார் வாயில் இருந்து வந்த ஒவ்வொரு எச்சரிக்கையையும் எழுதினேன். பதம் என்று நாம் சொல்வதும் எழுதக்கூடியதுதான், பொறுமையாகக் கேட்டு எழுத ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று, இதை நான் ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். இந்த அரங்கில் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். உணவுப் பொட்டலங்களில் கடலை, பால், கோதுமை போன்றவற்றைத் தெளிவாக எழுத வேண்டும் என்று இந்த நாட்டில் 2004இல் சட்டம் போட்டார்கள். நம் வீட்டுச் சமையலுக்கு அந்தச் சட்டம் கிடையாது. கைப்பக்குவம், ரகசியம், சொல்லமாட்டோம் என்று பெருமையாக மூடி வைத்த குறிப்பை, தொண்டை வீங்கும் ஒரு குழந்தையின் தட்டில் எப்படி வைப்பீர்கள்?

பின்பக்கம் தனி மேசையில், மற்றப் பலகாரங்களுக்கு எட்டத்தில், ஒரு ட்ரே வைத்திருக்கிறேன். பக்கத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை இருக்கிறது, பெற்றோர்கள் முதலில் அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கிராம் கணக்கோடு குறிப்பின் பிரதிகளும் இருக்கின்றன, எதிரணி நண்பர்களுக்கும் சேர்த்தே எடுத்துவந்தேன். நடுவர் ஐயா, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா, உங்கள் ஆச்சியின் பலகாரத்தை இன்னும் கையால் செய்கிறவர் குடும்பத்தில் ஒருவராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரமே தராசோடு வருகிறேன். நன்றி, வணக்கம்.